வலப்பக்க முன்தண்டு

ரொட்டியைத் தின்னது நான்தான். திருடித் தின்னல, மறைச்சும் தின்னல. பசிச்சது, தின்னேன். அதுக்கப்புறம் நடந்த கூத்துக்கெல்லாம் இந்த எர்மெலிந்தாதான் காரணம்னு ஊருக்குள்ள பேசிக்கிறாங்களே, அதக் கேட்டாத்தான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. முழுசாச் சொல்றேன். கேட்டுட்டு நியாயத்த நீங்களே சொல்லுங்க.

எங்க ஊர் சில்காபம்பா, குஸ்கோ நகரத்துக்கு மேல மலைச்சரிவுல இருக்கு. எங்க கோவில்ல இருக்கிறவ அப்பொலோனியம்மாள், பல்வலிக்காரங்களுக்குத் தாய். கையில ஒரு குறடு வெச்சிருப்பா, குறட்டு நுனியில ஒரு பல்லு. வருஷம் முழுக்க எங்ககூடக் கெடந்து குளிர்ல விறைச்சுட்டு, ஜூன் மாசம் கோர்புஸ்ங்கிற நற்கருணைத் திருநாளுக்கு முந்தின நாள் சப்பரம் ஏறி குஸ்கோவுக்கு விருந்தாளியாப் போவா. மத்த ஊர்ப் புனிதர்களும் வந்து சேருவாங்க. பெரிய கோவில்ல எல்லாரும் ஒண்ணாத் தங்கி, எந்த ஊருக்கு மழை, எந்த ஊருக்குப் பனின்னு பேசி முடிச்சுட்டுத்தான் அவங்கவங்க ஊருக்குத் திரும்புவாங்க. அதனால எங்க அம்மாவக் கௌரவமாக் கொண்டுபோய்ச் சேக்கலன்னா வருஷமே பாழ்.

சப்பரத்துக்குத் தண்டு ரெண்டு, தோள் கொடுக்கிறவங்க இருபது பேர். வலப்பக்கத்துல முதல் ஆளா நிக்கிறவன்தான் மொத்தச் சப்பரத்துக்கும் கண்ணு. அந்த இடம் எங்க அப்பா சத்தூர்னினோ தித்தோவோட இடம். முப்பது வருஷம் நின்னார். அவருக்கு ஆம்பளப் பிள்ளை கிடையாது, நான் ஒருத்திதான். ஆம்பளப் பிள்ளை இல்லாத வீட்டுல தோள் மருமகனுக்குப் போகும்னு ஊர் வழக்கம். எனக்குக் கல்யாணம் ஆனப்ப ஒரு கிழங்குத் தோட்டம், நாலு ஆடு, அதோட இந்த இடத்தையும் சேத்து என் புருஷன் நிக்கானோர் கையில கொடுத்துட்டாங்க. தோட்டத்த உழுதது நான், ஆட்ட மேய்ச்சது நான். இடம் மட்டும் அவனுக்காம். அன்னைக்கே எனக்கு வயிறு எரிஞ்சது. ஆனா யாருகிட்டப் போய்ச் சொல்ல?

அந்த இடத்துல ஒரு சிக்கல் உண்டு. ஒரு வருஷம் வீட்டு ஆள் நிக்கலன்னா இடம் போயிடும். யார் நின்னானோ அவன் வீட்டுக்குச் சொந்தம். கேள்வியே கிடையாது.

இனி ரொட்டிக்கு வர்றேன். திருநாளுக்கு ஒரு மாசம் முன்னால சப்பரத்துத் தலைவர் வீடு வீடா வருவார். தொப்பி அகலத்துக்கு ஒரு வட்ட ரொட்டி, சின்னக் குப்பியில கரும்புச் சாராயம். "தோள் வேணும்"னு சொல்லி அத ஆள் கையிலயே கொடுப்பார். வாங்கி ஒரு கடி கடிச்சாப் போதும், கட்டுப்பட்டாச்சு. கடிச்சவன் தானா வாய் தொறந்து இன்னாரை நிறுத்துங்கன்னு சொன்னாலொழிய அவன் இடத்துல வேற யாரும் நிக்கக் கூடாது. கடிச்சுட்டு வராமப் போனா, அப்புறம் அவன் நிலத்துல கிழங்கு தோண்ட ஒரு நாய் வராது, கூரை போடக் கை கொடுக்க ஒரு ஈ வராது. அதுக்குப் பயந்தே சில பேர் தலைவரோட தொப்பி வேலிக்கு மேல தெரிஞ்சதும் பின்பக்கமா ஓடிடுவாங்க.

இந்த வருஷம் எங்க வீட்டுக்குத் தலைவர் தோன் பவுலினோ வரல. ஏத்தம் ஏற முடியலன்னு எவரிஸ்தோகிட்டக் கொடுத்து அனுப்பிட்டார். எவரிஸ்தோ என் புருஷனுக்குப் பெரியப்பா மகன், எனக்குக் கொழுந்தன் முறை. பல வருஷமா ரெண்டாவது ஆளா, நிக்கானோர் பிடரியப் பாத்துக்கிட்டே நடக்கிறவன். முதல் இடத்து மேல அவனுக்கு எப்பவும் ஒரு கண்ணு. அவன் வந்த அன்னைக்கு நிக்கானோர் கீழ்க்காட்டுல காப்பி பறிக்கப் போயிருந்தான்.

"அண்ணன் வந்ததும் கொடுத்துடு மதினி"ன்னு ரொட்டிய என் கையில திணிச்சுட்டு எவரிஸ்தோ போயே போயிட்டான். நிக்கானோர் வர மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் ரொட்டி என்ன ரொட்டியாவா இருக்கும்? கல்லாப் போயிடும். அன்னைக்குப் பகலெல்லாம் பனியில உறையப்போட்ட கிழங்க, தண்ணி பிழிஞ்சு போகக் கால்ல மிதிச்சு மிதிச்சு எனக்குப் பசி உயிர் போச்சு. எப்படியும் வருஷா வருஷம் அவன் சரின்னுதானே சொல்லப்போறான், அவனுக்காக நான் தின்னுட்டாப் போச்சுன்னு உக்காந்து, பாலாடைக்கட்டி வெச்சு, முழுசாத் தின்னுட்டேன்.

மூணு வாரம் கழிச்சு, திருநாளுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நிக்கானோர் வந்தான். வந்தானா? இறக்கிவிட்டாங்க. காப்பிச் சரிவுல வழுக்கி விழுந்து முழங்கால் பூசணிக்கா மாதிரி வீங்கியிருந்தது. காலைத் தரையில வைக்க முடியல.

மறுநாள் காலையில தோன் பவுலினோ மூச்சு வாங்கிக்கிட்டே வந்தார். அவர் பின்னாலயே எவரிஸ்தோ, தலை வாரி, புதுத் தொப்பி போட்டுக்கிட்டு. பழம் நழுவிப் பாலுல விழுந்த சந்தோஷம் மூஞ்சியிலயே தெரிஞ்சது.

"நிக்கானோர், ரொட்டி தின்னாச்சு. இப்பக் காலும் போச்சு," தலைவர் கட்டில் பக்கத்துல உக்காந்தார். "உன் இடத்துல யாரை நிறுத்தணும்னு உன் வாயால சொல்லிடு."

"அதான் நான் இருக்கேனே!" எவரிஸ்தோ முந்திக்கிட்டான். "அண்ணனுக்குத் தம்பி உதவாம வேற யாரு உதவுவா? இந்த ஒரு வருஷம்தானே."

ஒரு வருஷமாம்! இடத்தக் கொடுத்தா மடத்தப் பிடுங்குற ஆளு. என் புருஷன் ஒரு வெள்ளந்தி. தலையச் சொறிஞ்சுக்கிட்டே சொன்னான்: "நிறுத்துறது இருக்கட்டும் பெரியவரே. நான் எங்க ரொட்டி தின்னேன்? கண்ணாலகூடப் பாக்கலையே."

தலைவர் எவரிஸ்தோ பக்கம் திரும்பினார். "கொடுத்துட்டேன்னு சொன்னியேடா?"

"மதினி கையில கொடுத்தேன் பெரியவரே."

"அவ கையிலயா? ஆள் கையிலயே கொடுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லித்தானே அனுப்பினேன்!"

"ஆள் வீட்டுல இல்ல. அதத் தூக்கிக்கிட்டு நான் கீழ்க்காடு வரைக்கும் போகவா முடியும்?"

"சரி, இப்ப அந்த ரொட்டி எங்க?"

"என் வயித்துல," நான்தான் சொன்னேன். அடுப்புப் பக்கம் நின்னவ முன்னால வந்து நின்னேன்.

தோன் பவுலினோ என்னை ஏற இறங்கப் பாத்தார். "ஒரு துண்டு பிச்சுத் தின்னியா?"

"முழுசாத் தின்னேன்."

"சாராயம்?"

"அதையும் விடல."

நிக்கானோர் களுக்குன்னு சிரிச்சுட்டு, கால் வலிச்சதும் "ஐயோ"ன்னான்.

"பொம்பள தின்னதெல்லாம் சேராது," எவரிஸ்தோ குதிச்சான்.

"ஏன் கொழுந்தனாரே, என் வாயில இருக்கிறது பல்லு இல்லையா? சப்பரத்து மேல நிக்கிறவ மட்டும் என்ன, மீசை வெச்சிருக்காளா?" எனக்கு ரத்தம் கொதிச்சது. சொல்லணும்னு யோசிச்சுச் சொல்லல. ஆனா சொல்லச் சொல்லத்தான், இத்தனை வருஷமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்னு எனக்கே தெரிஞ்சது. "உப்பத் தின்னவ தண்ணி குடிக்கணும். ரொட்டியத் தின்னது நான். தோள் கொடுக்கப்போறதும் நான். என் இடத்துல யாரையும் நிறுத்தச் சொல்லமாட்டேன்."

"பெரியவரே, இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு!"

தோன் பவுலினோ தாடையத் தடவினார். அவர் நல்லவர்தான். ஆனா வழக்கம் வழக்கம்னு உயிர விடுற ஆளு. போன வருஷம் அவரோட அக்கா மகனே போதையில ரொட்டியத் தின்னுட்டு, தெரியாமத் தின்னேன், எனக்குக் காய்ச்சல் வேறன்னு கால்ல விழுந்து அழுதான். "தின்ன வாய்க்குத் தெரியலன்னா என்ன, ரொட்டிக்குத் தெரியும்"னு சொல்லி அவனைக் காய்ச்சலோட தூக்க வெச்சார். அத அவருக்கு ஞாபகப்படுத்தினேன். மனுஷன் ஆப்பசைச்ச குரங்கு மாதிரி முழிச்சார்.

கடைசியில கைத்தடிய எடுத்து என் தோள் உயரத்த அளந்தார். "நாலு விரல் குறையுது."

"நாலு விரல்தானே. தைச்சுக்கிறேன்."

"சரி," அவர் எழுந்தார். "வழக்கத்த நான் மீற முடியாது. தின்னவ நிக்கட்டும். ஆனா ஒண்ணு. மூணு இடத்துல சப்பரத்த இறக்கி வைப்போம். அங்க தவிர வேற எங்கயாவது தண்டு உன் தோள்ல இருந்து இறங்கினா, அந்த நிமிஷமே எவரிஸ்தோ முன்னால வருவான். அப்புறம் அது அவன் வீட்டு இடம். சம்மதமா?"

"சம்மதம்."

"கேட்டுக்கிட்டியாடா?" எவரிஸ்தோவக் கேட்டார். அவன் நல்லாவே கேட்டுக்கிட்டான்.

அவங்க போனதும் பழைய கம்பளிய மடிச்சு நாலு விரல் கனத்துக்குத் தோள்மெத்தை தைக்க உக்காந்தேன். நிக்கானோர் கட்டில்ல படுத்தபடியே நான் தைக்கிறத எட்டிப் பாத்தான்.

"நீ தோத்துட்டா ஊரே என்னைப் பாத்துச் சிரிக்கும்," அப்படின்னான்.

"ஜெயிச்சுட்டா?"

"அப்பவும் என்னைப் பாத்துத்தான் சிரிக்கும்." பெருமூச்சு விட்டுட்டுக் கைய நீட்டினான். "அந்த ஊசிய இங்க கொடு. நீ தைக்கிற லட்சணத்துக்குப் பாதி வழியிலயே பிரிஞ்சு தொங்கும். கேளு, நடக்கிறது பெரிசு இல்ல. சதுக்கத்துல மூணு வணக்கம் இருக்கே, அதுதான் ஆளக் கொல்லும். மண்டி போடும்போது மூச்ச அடக்காத. விட்டுக்கிட்டே எந்திரி."

இத்தனை வருஷத்துல அவன் எனக்குச் சொன்ன ஒரே உருப்படியான விஷயம் அதுதான்.

புதன்கிழமை விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையா உறைஞ்சு கெடந்தது. பத்தொன்பது ஆம்பளைங்களும் நானும் தண்டுக்குக் கீழ நின்னோம். ஒருத்தனும் என் மூஞ்சியப் பாக்கல. "கஞ்சி காய்ச்சுற நேரமாச்சு, வீட்டுக்குப் போகலையா"ன்னு பின்னால இருந்து ஒரு குரல். "உன் பொண்டாட்டி உனக்குக் காய்ச்சி ஊத்தாததால தானே இப்படி ஈர்க்குச்சியா இருக்க"ன்னேன். நாலு பேர் சிரிச்சாங்க. தோன் பவுலினோ மணிய அடிச்சார். தூக்கினோம்.

அம்மாடி, அந்தக் கனம்! கிழங்கு மூட்டை முதுகுல ஏறினா நம்மளோட சேந்து நடக்கும். சப்பரம் அப்படி இல்ல. அது ஒரு பக்கம் இழுக்கும், நம்ம ஒரு பக்கம் இழுக்கணும். ஆனா முதல் அரை மணி நேரத்துல என் காலுக்கு அது பழகிப் போச்சு. முன்னால மேளம், கொம்பு வாத்தியம். மேல அம்மா குறட்ட ஆட்டிக்கிட்டே வந்தா. முதல் இளைப்பாறுற இடம் போச்சு, ரெண்டாவது போச்சு, மூணாவதும் போச்சு. இனி பெரிய கோவில் வாசப்படி தாண்டுற வரைக்கும் இறக்க முடியாது.

நகரத்துக்குள்ள இறங்கினோம். ரெண்டு பக்கமும் ராஜாக்கள் காலத்துக் கருங்கல் சுவர். அதுக்கு மேல ஸ்பெயின்காரன் ஏத்தின வெள்ளைச் சுவரும் மர மாடமும். எங்க பாட்டன்மார் செத்துப்போன ராஜாக்களோட உடம்பப் பதப்படுத்தி உக்கார வெச்சு இந்தச் சதுக்கத்துக்குத்தான் தூக்கிட்டு வருவாங்களாம். ஸ்பெயின்காரன் வந்து ராஜாக்களக் கொண்டுபோய்ப் புதைச்சுட்டுப் புனிதர்களக் கையில கொடுத்தான். சுமைதான் மாறிச்சு, தோள் மாறலன்னு எங்க அப்பா சொல்வார். மாடத்துல இருந்தவங்க பூவக் கொட்டினாங்க. கேமராவோட வந்த வெளிநாட்டுக்காரங்க நாலு படி ஏறுறதுக்குள்ள சுவத்தப் பிடிச்சு மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தாங்க. அவங்களப் பாத்து எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அந்தக் குறுகலான தெருவுலதான் எவரிஸ்தோ வேலையக் காட்டினான். திடீர்னு என் தோள்ல இன்னொரு ஆள் ஏறி உக்காந்த மாதிரி கனம் இறங்கிச்சு. எனக்கு நேர் பின்னால இருக்கிறவன் அவன்தான். முழங்கால லேசா மடக்கித் தோளத் தாழ்த்திட்டான். அவன் பங்கும் என் மேல. இடப்பக்கம் கருங்கல் சுவர் உரசுது, வலப்பக்கம் ஜனம். தண்டு தோள்மெத்தையில நழுவ ஆரம்பிச்சது. கத்தினா பலவீனம்னு ஆகும். கத்தலன்னா விழுந்துடுவேன். நான் ரெண்டும் செய்யல. திரும்பாமலே நல்லா உரக்கச் சொன்னேன்:

"கொழுந்தனாரே, உங்க தோள் தூங்குது போலிருக்கு! தட்டி எழுப்புங்க. அம்மா சாஞ்சு விழுந்தா, குறட்டால முதல்ல பிடுங்கப்போறது உங்க பல்லத்தான்!"

தெருவே சிரிச்சது. மாடத்துல இருந்த ஒரு கெழவி கைதட்டினா. தோன் பவுலினோ பின்னால எட்டிப் பாத்தார். கனம் சட்டுனு குறைஞ்சது.

சதுக்கத்துக்கு வந்தாச்சு. ஒரு ஓரத்துல பெண்கள் வரிசையா உக்காந்து திருநாள் குளிர்சோறு விக்கிறாங்க. வறுத்த மக்காச்சோளம், கோழி, கினிப்பன்றி வறுவல், கடல்பாசி எல்லாம் ஒரே தட்டுல மலை மாதிரி. அந்த வாசனையில எனக்குத் தலை சுத்திச்சு. பெரிய கோவிலுக்கு முன்னால, எங்களுக்கு முன்னாடியே வந்து சேந்த மாதாவுக்கு எங்க அம்மா மூணு தரம் வணக்கம் சொல்லணும். சொல்றதுன்னா சும்மா இல்ல. முன்வரிசையில இருக்கிற ரெண்டு பேர் தண்டோட மண்டி போடணும், பின்னால இருக்கிறவங்க நின்னபடியே தாங்கணும். அப்பத்தான் அம்மா தலை குனிவா. அப்புறம் எந்திரிக்கணும்.

முதல் வணக்கம். போனேன், வந்தேன். ரெண்டாவது வணக்கம். போனேன். வரும்போது தொடை ரெண்டும் நடுங்கிச்சு. மூணாவதுக்கு மணி அடிச்சது. முட்டி கல்லுல பட்டதும், கால் அங்கயே செத்துப் போச்சு. இடப்பக்கத்து ஆள் எந்திரிக்கப் பாக்குறான், நான் எந்திரிக்கல. சப்பரம் என் பக்கமாச் சாயுது. ஜனம் "ஆ"ன்னுது. பின்னால எவரிஸ்தோ மெதுவா, ரொம்பப் பிரியமாச் சொன்னான்: "விட்டுடு மதினி. யாரும் உன்னைத் தப்பா நெனைக்கமாட்டாங்க. இதுவரைக்கும் வந்ததே பெரிசு."

பெரிசாம்! வந்த கோவத்துல என் உடம்பெல்லாம் சூடாச்சு. முப்பது வருஷம் அப்பா தோள்ல காய்ச்சுப் போயிருந்த தழும்புக்கு எண்ணெய் தேச்சுவிட்டவ நான். இவனுக்காகவா? அடக்கி வெச்சிருந்த மூச்ச விட்டேன். மூச்சு மட்டும் வரல, கூடவே ஒரு சத்தமும் வந்தது. பிரசவத்துல போட்ட சத்தத்துக்கு அப்புறம் அப்படி ஒரு சத்தம் நான் போட்டதில்ல. அந்தச் சத்தத்தோடயே எந்திரிச்சேன். சப்பரம் நேராச்சு. மேளக்காரன் அடிக்க மறந்து நின்னான். தோன் பவுலினோ திட்டினதும்தான் அடிச்சான்.

வாசப்படி ஏறி, பெரிய கோவிலுக்குள்ள எங்க அம்மாவோட இடத்துல சப்பரத்த இறக்கி வெச்சோம். என் தோள் இருக்கா இல்லையான்னே தெரியல. தூண் ஓரமா ஜனத்துக்கு நடுவுல நிக்கானோர், கோலை ஊனிக்கிட்டு நின்னான். யார் லாரியில தொத்தி வந்தானோ. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

இறக்கி வெச்சதும் தலைவர் அந்த இடத்துலயே பேர் கூப்பிடுவார். கடைசி வரைக்கும் நின்னவன் "இருக்கேன்"னு சொல்லணும். ஒரு பேர மூணு தரம் கூப்பிட்டும் பதில் இல்லன்னா, அந்த ஆள் நிக்கலன்னு அர்த்தம். இடம் அடுத்தவனுக்கு. தோன் பவுலினோ பட்டியல விரிச்சார். முதல் பேர் முன்தண்டு வலப்பக்கம்.

"நிக்கானோர் யுக்ரா!"

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வீட்டு இடம் பத்திரம். அதுக்குத்தானே இவ்வளவு பாடும். வாயத் தொறந்தேன். ஆனா சொன்னா, இன்னைக்கு இங்க நின்னது அவன்னுதானே ஆகும்? நான் வாய மூடிக்கிட்டேன்.

"நிக்கானோர் யுக்ரா!" ரெண்டாவது தடவை. தலைவர் குரல்ல கொஞ்சம் கெஞ்சல் இருந்தது. "சொல்லேன் தாயி," பின்னால இருந்து யாரோ முணுமுணுத்தாங்க. எவரிஸ்தோ ஒரு அடி முன்னால வந்தான். இடம் கைய விட்டுப் போயிடுமேன்னு பயமா இருந்தது, பொய் சொல்லல. இருந்தாலும் சொல்லல. நிக்கானோரப் பாத்தேன். அவன் நெனச்சா அங்க இருந்தே "இருக்கேன்"னு சொல்லியிருக்கலாம், பேர் அவன் பேர்தான். அவன் தொப்பியக் கழட்டி வாயப் பொத்திக்கிட்டான்.

மூணாவது தடவை கூப்பிடத் தோன் பவுலினோ மூச்ச இழுத்தார். பட்டியலப் பாத்தார். என்னைப் பாத்தார். என் சட்டை கிழிஞ்சு தோள்ல ரத்தம் கசிஞ்சத அப்பத்தான் பாத்திருப்பார்னு நெனைக்கிறேன். சட்டைப்பையில இருந்து பென்சில எடுத்து, நாக்குல தொட்டு, பட்டியல்ல ஒரு கோடு கிழிச்சார். மேல என்னமோ எழுதினார். அப்புறம் தலைய நிமித்தி, தேவைக்கு மேலயே சத்தமாக் கூப்பிட்டார்.

"எர்மெலிந்தா தித்தோ!"

"இருக்கேன்!"னு சொன்னேன்.